இணைச்சீர்காரி வள்ளியாத்தாள்

முன் அறையில் பித்தளைச் சொம்பு கை நழுவி விழுந்து, சிமெண்டுத் தரையில் உருண்டு, சுவரில் மோதி நின்ற சத்தம் கேட்டது.

அடுப்படியில் கம்பு மாவு பிசைந்துகொண்டிருந்த வள்ளியாத்தாளின் கை அப்படியே நின்றது. யாரோ வந்ததும், கணவர் கண்ணுசாமி "வாங்க" என்று ஒரு மாதிரி இழுத்துச் சொன்னதும், குடிக்கத் தண்ணீர் கொடுத்ததும் அவள் காதில் விழுந்திருந்தன. விதை வெங்காயம் கேட்டு யாராவது வந்திருப்பார்கள் என்றுதான் நினைத்திருந்தாள்.

"போகட்டும் உடுங்க, தண்ணிதானே," என்றார் கண்ணுசாமி.

"கை நடுங்குதுங்க... அம்மிணி இருக்குதுங்களா?"

அந்தக் குரலை வள்ளியாத்தாள் அதற்கு முன் ஒரே ஒரு நாள்தான் கேட்டிருக்கிறாள். பதின்மூன்று வருடங்களுக்கு முன், ஒரு கல்யாணப் பந்தலில். அவளுடைய அண்ணன் அர்த்தநாரியின் மனைவி செல்லாயி. மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இந்தத் தோட்டத்து வீட்டை அதுவரை மிதித்தறியாதவள்.

மாவுக் கையோடு ஓடி வந்தாள் வள்ளியாத்தாள். செல்லாயி தரையில் மண்டியிட்டு, சிந்திய தண்ணீரைத் தன் முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நங்கை, எந்திரிங்க! என்னங்க இது? அண்ணன்..." வள்ளியாத்தாள் மாவுக் கையாலேயே அவளைப் பிடித்துத் தூக்கினாள்.

"இருக்காரு அம்மிணி. உசுரோடதான் இருக்காரு," என்று சொல்லிவிட்டு, செல்லாயி அந்த ஈர முந்தானையாலேயே முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழாம் வருடம், வைகாசி மாதம். அழுகை அடங்கிய பிறகு அவள் சொன்னதன் சாரம் இதுதான். போர் போடும் ரிக் வண்டியோடு ஆந்திராவுக்குப் போயிருந்த அர்த்தநாரி, வயிற்றின் இடது பக்கம் கல் வைத்தாற்போன்ற வீக்கத்தோடு திரும்பி வந்தார். சேலத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். வெள்ளை அணுக்கள் இருக்க வேண்டிய அளவைப் போல முப்பது பங்கு இருந்தன. ரத்தப் புற்றுநோய்.

"வேலூர்ல பாக்கறோம். மாத்திரையில இப்பத்திக்கி அடங்கி இருக்குது. ரெண்டு வருசமோ மூணு வருசமோ அப்பிடியே கெடக்குமாம். பொறவு ஒருநா சீறிக்கிட்டுக் கெளம்புச்சுன்னா ஒண்ணும் பண்ண முடியாதாம். அதுக்கு முன்னால எலும்புக்குள்ள இருக்கிற மஜ்ஜையை மாத்தோணும்ங்கறாங்க. ஒரே அப்பன் ஆத்தாளுக்குப் பொறந்தவங்ககிட்ட இருந்துதான் எடுக்கோணுமாம். 'உங்ககூடப் பொறந்தவங்க எத்தனை பேரு'ன்னு டாக்டரம்மா கேட்டாங்க."

"நான் இருக்கனே நங்கை!"

செல்லாயி தலையைக் குனிந்துகொண்டாள்.

"யாருமில்லைன்னுட்டாரு அம்மிணி."

கண்ணுசாமி சுவரோரம் கிடந்த சொம்பை எடுத்து நிமிர்த்தி வைத்தார். "யாருமில்லைன்னு சொன்னவனுக்கு இங்க யாரைத் தேடறீங்க?" என்று கேட்டார். குரலில் கோபத்தைவிட ரோஷம் அதிகமாக இருந்தது. "வேணும்னா அவன் வாயால வந்து கேக்கட்டும்."

வள்ளியாத்தாள் உலர்ந்துகொண்டிருந்த மாவை விரல்களிலிருந்து ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டிருந்தாள்.

*

அவளுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. அண்ணனுக்கு நாற்பத்திரண்டு. திருச்செங்கோட்டுக்குக் கிழக்கே இருந்த தோட்டத்தில் அவர்கள் இருவர் மட்டுமே பிள்ளைகள். சின்ன வயதில் வாய்க்காலில் தண்ணீர் வரும் நாட்களில், பள்ளிக்கூடத்துப் பாவாடை நனையக் கூடாதென்று தங்கையைத் தோளில் உட்கார வைத்துக் கடப்பான் அர்த்தநாரி. நடு வாய்க்காலில் நின்றுகொண்டு, "அம்மிணி, உட்டுடட்டுமா?" என்பான். அவள் அவன் தலைமயிரை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வாள். அவளுடைய வாழ்க்கையில் அவளை யாரும் அப்படிச் சுமந்ததில்லை, அதற்கு முன்பும் சரி, பின்பும் சரி.

பகை வந்தது தண்ணீரால். எழுபத்துநான்கில் அர்த்தநாரி பங்காளிகளோடு சேர்ந்து ரிக் வண்டி வாங்கினார். தங்கை வீட்டுத் தோட்டத்தில் முதல் போரைத் தானே போட்டுத் தருவேன் என்று பிடிவாதமாக வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். இருநூற்றிருபது அடி இறங்கியும் புகைபோலக் கல் மாவு பறந்ததே தவிர ஈரம் தட்டவில்லை. மாமன் மச்சான் கேலி என்று அதை விட்டிருக்கலாம். கண்ணுசாமி விடவில்லை. ஆள் வைத்து, அதே இடத்துக்கு இருபதடி தள்ளிக் கிணறு வெட்டினார். முப்பத்தைந்தடியில் தண்ணீர் குபுகுபுவென்று வந்தது. அவர் செய்த காரியம் என்ன தெரியுமா? ஒரு குடம் தண்ணீரை மாட்டு வண்டியில் ஏற்றி, மாட்டுக் கொம்புக்கு மாலை போட்டு, "உங்க மிசினு கண்டுபுடிக்காத தண்ணி" என்று சொல்லச் சொல்லி மச்சான் வீட்டுக்கு அனுப்பி வைத்தார். வழியில் இருந்த டீக்கடை எல்லாம் சிரித்தது.

அடுத்த இரண்டாம் மாதம் அர்த்தநாரிக்குக் கல்யாணம்.

கொங்கு நாட்டுக் கல்யாணத்தில் தாலி கட்டுவதற்கு முன் இணைச்சீர் என்று ஒரு சீர் உண்டு. கூறைச் சேலையின் ஒரு முனையை மாப்பிள்ளையின் கக்கத்தில் இருத்தி, மறு முனையை அவனுடைய சகோதரியின் கையில் கொடுப்பார்கள். புதிதாக ஒருத்தி வந்தாலும் நம் இணை அறுந்து போகாது என்று அண்ணனும் தங்கையும் ஊர் முன்னால் சொல்லிக்கொள்வதுதான் அந்தச் சீர். அதற்கு நிற்பவள் இணைச்சீர்காரி. அந்த ஒரு நாளுக்காக வள்ளியாத்தாள் சீருக்குப் பாடும் பாட்டு வரிகளைக்கூட மனப்பாடம் செய்து வைத்திருந்தாள்.

பந்தலில் அவள் பெயரை யாரும் கூப்பிடவில்லை. ஒரே குலதெய்வத்தைக் கும்பிடுகிற கூட்டத்து ஆண்கள் எல்லாரும் பங்காளிகள். அவர்களில் அப்பன் தலைமுறையினருடைய பெண் மக்கள் எல்லாரும் முறைக்குத் தங்கைகள். அந்த முறையைப் பிடித்துக்கொண்டு, சித்தப்பா முறைப் பங்காளி சின்னண்ணன் என்பவரின் மகள் நல்லம்மாளை அர்த்தநாரி மேடைக்கு அழைத்தார். யாரோ கேட்டதற்கு, "எல்லாம் ஒரே ரத்தம்தானே" என்று சத்தமாகவே சொன்னார். வள்ளியாத்தாள் பெற்ற பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, சமையல் பந்தல் மூங்கிலைப் பிடித்தபடி நின்றாள். இன்னொருத்தி கையில் அந்தச் சேலை முனை போய்ச் சேர்ந்ததைப் பார்த்தாள். சாப்பிடாமல் ஊர் திரும்பினாள்.

பதின்மூன்று வருடங்கள். பொங்கலுக்குப் பிறந்த வீட்டுச் சீர் வரவில்லை. பிள்ளைகளுக்குக் காது குத்தியபோது தாய்மாமன் மடி இல்லாமல் போயிற்று. ஆனால் மல்லசமுத்திரத்திலிருந்து திருச்செங்கோடு போகும் பேருந்தில் அவள் எப்போதும் இடது பக்கச் சன்னலோரம்தான் உட்காருவாள். திரும்பி வரும்போது வலது பக்கம். அண்ணனின் தோட்டத்துக் கேட்டு அந்தப் பக்கத்தில்தான் வரும். மூச்சை ஒரு முறை இழுத்து விடுவதற்குள் கடந்துபோய்விடும். கேட்டுக்குப் பச்சை அடித்தது, பிறகு நீலம் அடித்தது, ரிக் வண்டி ஒன்று இரண்டானது, அண்ணன் முன்நெற்றியில் முடி கொட்டியது, எல்லாமே அவளுக்குத் தெரியும். எல்லாம் சன்னல் வழியாக.

*

மறுநாள் காலை அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். கண்ணுசாமி தடுக்கவில்லை. அவளும் செல்லாயியும் பேருந்துக்கு நின்றபோது, பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. கண்ணுசாமிதான். கக்கத்தில் ஒரு பை, கையில் தண்ணீர்க் கூஜா.

"நீங்க எதுக்குங்க மாமா?" என்றாள் வள்ளியாத்தாள்.

"வேலூர்த் தண்ணி உனக்கு ஒத்துக்காது," என்றார் அவர், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

ஆஸ்பத்திரி வார்டு வாசலில் அவள் நின்றபோது அர்த்தநாரி படுக்கையில் உட்கார்ந்திருந்தார். தோளெலும்பு சட்டைக்கு மேல் துருத்திக்கொண்டிருந்தது. தங்கையைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார்.

"உன்னை யாரு கூட்டியாரச் சொன்னா?"

"யாரும் கூட்டியாரலீங்கண்ணா. நானாத்தான் வந்தேன்," என்றாள் வள்ளியாத்தாள்.

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். வெகுநேரம் அந்த முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் சுவரைப் பார்த்தபடியே அவர் செல்லாயியிடம் கேட்டார்: "சாப்டாளான்னு கேளு."

அவ்வளவுதான். அந்த இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு அவள் அடுத்த ஆறு மாதத்தை ஓட்டினாள்.

அன்று பிற்பகல் ஒரு வேன் வந்து நின்றது. சின்னண்ணன் தலைமையில் பதினோரு பங்காளிகள் இறங்கினார்கள். எல்லாரும் வெள்ளை வேட்டி, எல்லாரும் குளித்துத் திருநீறு பூசியிருந்தார்கள். டாக்டரம்மாவின் அறைக்குள் நாலு பேர்தான் நுழைய முடிந்தது. மற்றவர்கள் கதவில் தொங்கினார்கள்.

"ஏனுங்க டாக்டரம்மா," என்று சின்னண்ணன் ஆரம்பித்தார். "ஆளு இல்லைன்னு நீங்க மலைக்க வேண்டியதில்லீங்க. நாங்க பதினோரு பேரும் ஒரே கூட்டம். ஒரே சாமி, ஒரே ரத்தம். யார வேணாலும் குத்தி எடுத்துக்குங்க."

டாக்டரம்மா சிரிக்காமல் இருக்க முயன்றாள். "சாமி ஒண்ணா இருக்கலாம் ஐயா. அம்மா வேற வேறதானே? ஒவ்வொருத்தர் அணு மேலயும் சில அடையாளம் இருக்கு. அதுல பாதி அப்பாகிட்ட இருந்து, பாதி அம்மாகிட்ட இருந்து வருது. ரெண்டு பாதியும் ஒத்துப் போகணும். கூடப் பிறந்தவங்களுக்கே நாலுல ஒரு வாய்ப்புதான்." கடைசியில் நின்றிருந்த வள்ளியாத்தாளைக் காட்டினாள். "இவங்களைத்தான் பார்க்கணும்."

"அது கட்டிக்குடுத்த பொண்ணுங்களே!" என்றார் சின்னண்ணன் திகைப்போடு. "கல்யாணத்தோட அது புருசன் கூட்டத்துக்குப் போயிருச்சுங்க."

"தாலி கட்டினா மஜ்ஜை மாறாதுங்க," என்றாள் டாக்டரம்மா. "நீங்க பதினோரு பேரும் ரத்தம் குடுக்கலாம். அப்புறம் நிறைய வேணும். ஊருக்குப் போய்ட்டு, நான் சொல்லி அனுப்பறப்ப வாங்க."

சின்னண்ணன் வெளியே வந்து வள்ளியாத்தாளின் முன் நின்றார். தன் மகள் நல்லம்மாளை மேடைக்கு அனுப்பியவர். "சாமி, தப்பு எங்க மேலதான்," என்று மட்டும் சொன்னார்.

பரிசோதனை முடிவு வரப் பத்து நாள் ஆயிற்று. ஆஸ்பத்திரிக்கு எதிரே எடுத்த சின்ன அறையில் அவர்கள் மூவரும் காத்திருந்தார்கள். பத்தாம் நாள் டாக்டரம்மா காகிதத்தை விரித்து, பார்க்க வேண்டிய அடையாளங்கள் அத்தனையும் பொருந்தியிருக்கின்றன என்றாள். செல்லாயி டாக்டரம்மாவின் காலைத் தொடப் போனாள். வள்ளியாத்தாள் மட்டும் அசையாமல் நின்று, "அப்ப நான் அவருக்குத் தங்கச்சிதானுங்களே?" என்று கேட்டாள். யாருக்கும் அந்தக் கேள்வி புரியவில்லை. கண்ணுசாமிக்குப் புரிந்தது. அவர் சன்னல் பக்கம் போய் மூக்கைச் சிந்தினார்.

டாக்டரம்மா ஒன்றை மறைக்காமல் சொன்னாள். பிள்ளை பெற்ற பெண்ணின் மஜ்ஜையை ஆணுக்கு வைக்கும்போது, அது புதிய உடம்போடு சண்டை போடுவது கொஞ்சம் அதிகம். தோல், ஈரல், குடல் எல்லாம் பாதிக்கப்படலாம். உயிருக்கே ஆபத்தாகலாம். ஆனாலும் வேறு வழியில்லை.

*

ஐப்பசியில் நாள் குறித்தார்கள். அர்த்தநாரியைக் கண்ணாடிச் சன்னல் வைத்த தனி அறையில் அடைத்து, கடும் மருந்து கொடுத்து, அவருடைய பழைய மஜ்ஜையை முழுக்க அழித்தார்கள். வள்ளியாத்தாளை மயக்கிக் குப்புறப் படுக்கவைத்து, இடுப்பெலும்பில் ஊசி குத்தி உறிஞ்சினார்கள். விழித்ததும் இடுப்புக்குக் கீழே யாரோ உலக்கையால் குத்தியது போலிருந்தது. பக்கத்திலிருந்த நர்சிடம் அவள் கேட்ட முதல் கேள்வி: "பத்துச்சுங்களா? பத்தலீன்னா இன்னும் எடுத்துக்குங்க."

கருஞ்சிவப்பாக ஒரு பையில் தொங்கி, ரத்தம் ஏற்றுவதுபோலவே அது அண்ணனுக்குள் சொட்டுச் சொட்டாக இறங்கியது. இதற்கா இத்தனை பாடு என்று செல்லாயி ஆச்சரியப்பட்டாள்.

பிறகு காத்திருப்பு. தினமும் மாலை நாலு மணிக்கு வள்ளியாத்தாள் கண்ணாடிக்கு வெளியே போய் நிற்பாள். பங்காளிகள் முறை வைத்து வந்து ரத்தம் கொடுத்துவிட்டு, காபி குடித்துவிட்டுப் போனார்கள். பத்தொன்பதாம் நாள் புதிய வெள்ளை அணுக்கள் தலைகாட்டின. "பயிர் புடிச்சிருச்சு புள்ள," என்று கண்ணுசாமி துள்ளினார்.

முப்பத்துநாலாம் நாள் அர்த்தநாரியின் உள்ளங்கை சிவந்தது. மறுநாள் உள்ளங்கால். ஒரு வாரத்தில் தோல் சுருள் சுருளாக உரிய ஆரம்பித்தது. வயிறு நிற்காமல் போயிற்று. கண் மஞ்சளாயிற்று. கண்ணாடிக்குப் பின்னால் கிடந்தவர் அண்ணனா வேறு யாராவதா என்று அடையாளம் தெரியவில்லை.

வள்ளியாத்தாள் அன்றிலிருந்து சோறு தொடவில்லை. இரண்டாம் நாள் டாக்டரம்மாவை வழிமறித்தாள்.

"என்ற மஜ்ஜைதானுங்களே அவரை இப்பிடிப் பண்ணுது?"

"ஆமாம்மா. உங்க அணுக்களுக்கு அவர் உடம்பு புது இடம். எதிரின்னு நினைச்சுக்கிட்டு அடிக்குது."

"பதிமூணு வருசமா என்ற மனசுல ஒரு வன்மம் இருந்துதுங்க," என்றாள் வள்ளியாத்தாள். கண்ணீர் தாரையாக வழிந்தது. "ஆசைதான் இருக்குதுன்னு நெனச்சேன். அடியில வன்மமும் இருந்திருக்குது. எனக்கே தெரியாம எலும்புக்குள்ள போயி ஒளிஞ்சிருந்திருக்குது. அதைத்தானுங்க அவருக்கு ஏத்திட்டீங்க. திருப்பி எடுத்துருங்க! என்ற அண்ணனை நானே கொன்னுருவனாட்ட இருக்குது!"

நடையில் போனவர்கள் எல்லாரும் நின்று பார்த்தார்கள். டாக்டரம்மா அவளைப் பெஞ்சில் உட்கார வைத்தாள்.

"நல்லாக் கேளுங்க. மனசுல இருக்கிறது மஜ்ஜைக்குத் தெரியாது. நாங்க பார்த்த அடையாளம் எல்லாம் பொருந்திச்சு, நிஜம். ஆனா நாங்க இன்னும் பேரே வைக்காத அடையாளம் எத்தனையோ இருக்கு. அதுல நீங்க ரெண்டு பேரும் வேற வேற. ஒரு வயித்துல பிறந்தாலும் ரெண்டு ஆள்தானே? அந்த வித்தியாசத்தைத்தான் அது பார்க்குது." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள். "இன்னொண்ணும் சொல்றேன். கொஞ்சம் சண்டை நல்லதுதான். அவருக்குள்ள ஒளிஞ்சிருக்கிற மிச்ச நோயையும் உங்க அணுக்கள்தான் தேடித் தேடி அடிக்கும். சண்டையே போடாத மஜ்ஜை வெச்சவங்களுக்குத்தான் நோய் திரும்பி வர்றது அதிகம். சண்டை முத்தாம பார்த்துக்கிறது எங்க வேலை. நீங்க போய்ச் சாப்பிடுங்க."

அன்று நாலு மணிக்கு அவள் கண்ணாடிக்கு வெளியே நின்றாள். அர்த்தநாரி கண்ணைத் திறந்தார். தங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தோலுரிந்த வலது கையை மெல்லத் தூக்கி, ஐந்து விரலையும் குவித்து வாயருகே கொண்டுபோய்க் காட்டினார். சாப்டாயா?

அவள் ஆமென்று தலையை ஆட்டினாள். அவள் சாப்பிட்டிருக்கவில்லை. ஓடிப்போய் ஒரு கடையில் இட்லி வாங்கி நின்றபடியே விழுங்கினாள். அண்ணனிடம் சொன்னது பொய்யாகக் கூடாதே.

சண்டை தைமாதம்தான் தணிந்தது. ஒரு நாள் டாக்டரம்மா எல்லாரையும் அழைத்து, அர்த்தநாரியின் ரத்தத்தில் இப்போது ஓடுவது முழுக்கப் பெண்ணின் அணுக்கள், அவருடையது ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை என்றாள். ரத்த வகைகூடத் தங்கையின் வகையாக மாறும் என்றாள்.

"அப்ப இனிமே பங்காளின்னு கூப்பிடறதுங்களா, அம்மிணின்னு கூப்பிடறதுங்களா?" என்று சின்னண்ணன் கேட்டார்.

"அர்த்தநாரின்னு பேரு வெச்சப்பவே திருச்செங்கோட்டுச் சாமிக்கு எல்லாம் தெரிஞ்சிருக்குது," என்றார் கண்ணுசாமி. செல்லாயிகூடச் சிரித்தாள்.

*

வள்ளியாத்தாள் ஊர் திரும்பினாள். மாசியில் அர்த்தநாரியும் வீட்டுக்கு வந்துவிட்டார் என்று தெரிந்தது. மஜ்ஜை ஏற்றிய நாளிலிருந்து ஒரு வருடம் யாரும் கிட்டே போகக் கூடாதென்பது டாக்டரம்மாவின் உத்தரவு. அவள் மறுபடி பேருந்தில் இடது பக்கம் உட்கார்ந்தாள். நீலக் கேட்டுக்குப் பின்னால் சன்னல்களுக்குக் கொசுவலை அடித்திருந்தது தெரிந்தது. மனிதர் தெரியவில்லை.

ஒரு வருடம் முடிந்தது. பொங்கல் வந்தது. போயிற்று. ஆடி பதினெட்டுக்கு எல்லாப் பெண்களும் பிறந்த வீடு போனார்கள். கூப்பிடாமல் போவதற்கு அவளுக்கு மனம் வரவில்லை. கூப்பிட அவருக்கு என்ன தடை என்றும் தெரியவில்லை. செல்லாயி மட்டும் ஆள் மூலம் "நல்லா இருக்காரு" என்று சொல்லி அனுப்புவாள்.

"மஜ்ஜை போயிச் சேந்துருச்சு," என்பார் கண்ணுசாமி. "மனுசன்தான் வந்து சேரலை." அப்புறம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "வருவான் புள்ள," என்பார்.

எண்பத்தொன்பது ஆவணியில், ஒரு பிற்பகல், வெங்காயம் ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். வரப்பு வழியாக ஒரு குடை வந்துகொண்டிருந்தது. மழையில்லை, வெயில்தான். முழுக்கைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி, கையில் மஞ்சள் பை. நாலடி நடந்து நின்று, நாலடி நடந்து நின்று வந்தது.

அவள் ஓடவில்லை. வெங்காயத்தைப் பிடித்தபடியே எழுந்து நின்றாள்.

அர்த்தநாரி உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றினார். முகத்தில் திட்டுத் திட்டாகக் கறுப்பு. கண்ணில் ஈரமே இல்லாமல் வறண்டு சிவந்திருந்தது. சட்டைப் பையிலிருந்து சின்னப் புட்டியை எடுத்துக் கண்ணுக்கு இரண்டு சொட்டு விட்டுக்கொண்டார்.

"கண்ணுல தண்ணி சுரக்கறதில்ல அம்மிணி. அழுவோணும்னாலும் புட்டியிலதான் அழுவோணும்."

அம்மிணி. பதினைந்து வருடம் கழித்து அந்தச் சொல்.

கண்ணுசாமி கிணற்றிலிருந்து அப்போதுதான் இறைத்த குடத்தோடு வந்து நின்றார். "கொதிக்க வெச்சுத்தான் குடுக்கோணும்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்கல்ல?" என்று வள்ளியாத்தாளிடம் கொடுத்தார். பிறகு, தரையைப் பார்த்துக்கொண்டு, "இந்தத் தண்ணியை ஒருக்கா வண்டியில குடுத்தனுப்புனேன். அது தப்பு மச்சான்," என்றார்.

"அன்னைக்கே குடிச்சுப் பாத்தேன் மாப்பிள்ளை," என்றார் அர்த்தநாரி. "நல்ல தண்ணி. அதான் இன்னும் கோபம் வந்துருச்சு."

காய்ச்சி ஆற்றிய தண்ணீரை அவர் மிடறு மிடறாகக் குடித்தார். சட்டைப் பையிலிருந்து ஆஸ்பத்திரி அட்டையை எடுத்து நீட்டினார். ரத்த வகை என்று போட்டிருந்த இடத்தில் பழைய எழுத்தை அடித்துவிட்டு, சிவப்பு மையில் புதிதாக எழுதியிருந்தது. அது வள்ளியாத்தாளின் வகை.

"டாக்டரம்மா கேட்டப்ப உன்ற பேரு தொண்டை வரைக்கும் வந்துச்சு," என்றார். "கல்யாணத்தன்னைக்கு நீ நின்ன எடம் கண்ணுக்குத் தெரிஞ்சுது. சமையப் பந்தல் மூங்கிலைப் புடிச்சுக்கிட்டு, பையனை இடுப்புல வெச்சுக்கிட்டு, மஞ்சச் சேலையில நின்ன."

வள்ளியாத்தாள் அட்டையிலிருந்து நிமிர்ந்தாள். "பாத்தீங்களாண்ணா?"

"பாத்தேன். பாத்துக்கிட்டேதான் அந்த முனையை அடுத்த புள்ளகிட்டக் குடுத்தேன். அப்பிடிப் பண்ணுனவன் உன்ற எலும்புல இருந்து குடுன்னு எந்த வாயில கேப்பேன்? அதுக்குச் செத்துப் போறது மேலுன்னு தோணுச்சு. பொழச்சு வந்த பொறவும் உன்ற மூஞ்சியைப் பாக்க ரெண்டு வருசம் ஆச்சு."

அவர் மஞ்சள் பையைப் பிரித்தார். மடிப்பு மடிப்பாக, பாச்சை உருண்டை வாசத்தோடு, செல்லாயியின் கூறைச் சேலை.

"உங்க நங்கை குடுத்தனுப்புனா."

அவர் எழுந்து நின்றார். ஒரு முனையை வலது கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். மறு முனையைத் தங்கையிடம் நீட்டினார். மேளமில்லை, பந்தல் இல்லை. மூலையில் ஆய்ந்த வெங்காயம் கிடந்தது. வள்ளியாத்தாள் கையை இரண்டு முறை முந்தானையில் துடைத்துக்கொண்டு, அந்த முனையைப் பிடித்தாள்.

"சாட்சிக்கு நாலு பேரு வேணுமே," என்றார் கண்ணுசாமி. "நான் ஒருத்தன்தான் இருக்கேன். பரவாயில்லீங்களா?"

அவள் பாட்டை ஆரம்பித்தாள். முதல் வரி வந்தது. இரண்டாவது வரி வரவில்லை. பதினைந்து வருடத்தில் மறந்து போயிருந்தது. அப்படியே நின்றார்கள். சேலை இருவருக்கும் நடுவில் தொங்கியது. அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டதும், அவள்தான் முனையை விட்டு, சேலையை மடித்துப் பையில் வைத்தாள்.

"இன்னைக்கு ஒருநா இருந்துட்டுப் போங்கண்ணா."

"மருந்தெல்லாம் ஊட்டுல இருக்குது. அடுத்த வாரம் வேலூர் போகோணும். ஈரல்ல என்னமோ இன்னும் அடங்கலியாம்." குடையை எடுத்தார். "உன்ற ஆளுங்க எனக்குள்ள இன்னும் சண்டை போட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க."

"போடட்டும். போடற வரைக்கும் நல்லதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க," என்றாள் அவள். "மறுக்கா எப்பங்கண்ணா வருவீங்க?"

அவர் வாசற்படியில் நின்று, கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, குடையை விரித்தார்.

"நீ கதவைச் சாத்திக்க அம்மிணி. பாத்துக்கிட்டே நின்னீன்னா என்னால நடக்க முடியாது."

"வர்றப்பத் தட்டுங்கண்ணா. உடனே தொறப்பேன்."

"வாரேன்," என்றார்.

குடை படியிறங்கியது. வள்ளியாத்தாள் அண்ணன் சொன்னபடியே கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் மட்டும் போடவில்லை.